சமவெளியின் உழைப்பு – 7: ஜவ்வரிசி ஆலையூர்

சேலத்திலிருந்து தெற்கே மல்லூர், ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, சேந்தமங்கலம் எனவும், கிழக்கே வாழப்பாடி, ஆத்தூர், கெங்கவல்லி, தலைவாசல் எனவும் விரியும் சமவெளியில் ஜவ்வரிசி ஆலைகளைச் சார்ந்து வளர்ந்த சிற்றூர்கள் பல. ஒரு புகைபோக்கி, வரிசையான சிமெண்டுத் தொட்டிகள், அகன்று கிடக்கும் உலர்களம், அதன் ஓரத்தில் தொழிலாளர் தங்கும் சிறு வீடுகள்: ஆலையின் தோற்றம் பெரும்பாலும் இவ்வளவுதான். ஊர்க்காரர்கள் அதைச் 'சேகோ பேக்டரி' என்பார்கள், சுருக்கமாக 'மில்லு'. இந்தியாவில் தயாராகும் ஜவ்வரிசியில் மிகப் பெரும் பங்கு இந்த ஒரு வட்டாரத்தினுடையது. 1997 ஜனவரி 1 அன்று நாமக்கல் தனி மாவட்டமானபோது ஆலைகள் இரு மாவட்டங்களின் கணக்கில் பிரிந்தன. கிழங்கும் ஆளும் சந்தையும் பழையபடி ஒன்றாகவே இருந்தன.

ஜவ்வரிசி முதலில் மரவள்ளியில் செய்யப்பட்ட பொருளன்று. மலேயாவிலும் இந்தோனேசியத் தீவுகளிலும் சேகோ என்ற பனைவகை மரத்தின் உட்சோற்றிலிருந்து மாவெடுத்து உருட்டிய மணிகளே ஆதி ஜவ்வரிசி. பினாங்கு, சிங்கப்பூர், ஜாவா வழியாகக் கப்பலில் அது இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தது. நோயாளிக்குக் கஞ்சி, விரத நாளில் உணவு, துணிக்குக் கஞ்சி போட மாவு என்று அதற்கு ஒரு நிலையான தேவை இருந்தது. மரவள்ளியின் பயணம் வேறு திசையிலிருந்து வந்தது. தென்னமெரிக்காவில் பிறந்த அந்தக் கிழங்கைப் போர்த்துக்கீசியர் மலையாளக் கரைக்குக் கொண்டுவந்தனர். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் அரசர் அரிசிப் பற்றாக்குறைக்கு மாற்றாக அதன் பயிரை ஊக்கப்படுத்தினார். பிறகு அது மேற்கிலிருந்து கொங்கு, சேலம் நிலங்களுக்கும் பரவியது. தண்டைத் துண்டுகளாக நறுக்கி நட்டாலே முளைக்கும் பயிர் என்பதால் இங்கே அதன் பெயர் குச்சிக்கிழங்கு. அவித்துத் தின்னும் ஏழை வீட்டுக் கிழங்காகவே அது சில காலம் இருந்தது.

அதைத் தொழிலாக்கியது உலகப்போர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும், அடுத்த மாதம் ஜாவாவும் ஜப்பானியர் கைக்குப் போயின. சேகோ வரும் கடல்வழி அடைபட்டது. சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியார் தொழில் நிமித்தம் கேரளத்துக்குப் போய்வருபவர். பினாங்கில் இருந்து வந்த போபட்லால் ஷா என்பவருக்கு மரவள்ளி மாவு எடுக்கும் முறை தெரிந்திருந்தது. இருவரும் சந்தித்ததன் விளைவாக 1943-இல் சேலத்தில் குச்சிக்கிழங்கிலிருந்து மாவும் ஜவ்வரிசியும் எடுக்கும் முயற்சி தொடங்கியது. கிழங்கை இடித்து அரைத்து, பாலை வடித்து, படிந்த மாவைக் கையால் உருட்டி, வாணலியில் வறுத்த குடிசைத் தொழில் அது. உள்ளூர் இயந்திரக் கைவினைஞர்கள் அரவைக்கும் சலிப்புக்கும் கருவி செய்து கொடுத்த பிறகே மூட்டைக் கணக்கில் உற்பத்தி ஏறியது.

அந்த ஆண்டுகளில் உணவுப் பஞ்சமும் கூடவே இருந்தது. கிழங்கு பலருக்குச் சோற்றுக்குப் பதில் உணவு. அதனால் கிழங்கை வேறு பொருளாக்கவும் மாவட்டத்துக்கு வெளியே கொண்டுபோகவும் சேலம் கலெக்டர் தடை விதித்தார். உற்பத்தியாளர்கள் மேலிடத்தில் முறையிட்டு அந்தத் தடையை நீக்கச் செய்தனர். உண்ணும் கிழங்கா, ஆலைக் கிழங்கா என்ற கேள்வி தொழிலின் தொடக்கத்திலேயே எழுந்துவிட்டது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. போர் முடிந்த பிறகு ஆலைகள் சேலம் நகரை விட்டுக் கிழங்கு விளையும் ஊர்களை நோக்கி நகர்ந்தன. கிழங்கு பிடுங்கிய ஓரிரு நாளில் கருத்துக் கெடத் தொடங்கும். நெடுந்தூரம் கொண்டுபோய் அரைப்பது கட்டுபடியாகாது. கிழங்கும் கிணற்று நீரும் நல்ல வெயிலும் மின்சாரமும் ஒருசேரக் கிடைத்த ஊரில் ஆலை அமைந்தது.

முன்னோடி வணிகர்களின் பெயர்கள் ஏட்டில் உள்ளன. முதல் மூட்டைக்குத் தோல் சீவியவர், மாவை உருட்டியவர், அடுப்பின் முன் நின்றவர் யாரென்று ஓர் ஏடும் சொல்லவில்லை. ஆயினும் இத்தொழிலின் ஒவ்வொரு கட்டமும் யாரோ ஒருவரின் கைப்பழக்கத்திலிருந்தே உருவானது. பிறகு வந்த இயந்திரங்கள் அந்தக் கையசைவையே திருப்பிச் செய்தன. ஆலையூரின் வரலாற்றை வேலையின் வரிசைப்படி பார்ப்பதே சரியான வழி.

பாசன நிலத்தில் தை, மாசியில் நடப்படும் கரணை (தண்டுத் துண்டு) எட்டு முதல் பத்து மாதங்களில் விளையும். கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலைப் பகுதிகளில் மழையை நம்பிய சாகுபடியும் உண்டு. முள்ளுவாடி, குங்குமரோஸ், பர்மா என்று உழவர் வாயில் வழங்கும் இரகங்களோடு, 1963-இல் திருவனந்தபுரத்தில் நிறுவப்பட்ட மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் 1971-இல் வெளியிட்ட எச்-165, எச்-226 போன்ற கலப்பினங்களும் சேலம் நிலங்களில் ஊன்றின. அறுவடை ஆவணி, புரட்டாசியில் சூடுபிடித்துப் பங்குனி வரை நீளும். ஆலையூரின் ஆண்டுக் கணக்கு இந்த மாதங்களை வைத்தே ஓடுகிறது. பிடுங்கும் கூட்டம் தனியாக உண்டு. தண்டை வெட்டி, தூரைப் பிடித்து அசைத்து இழுத்து, கிழங்கை ஒடித்துக் குவித்து, வண்டியில் ஏற்றுவது வரை அவர்கள் பொறுப்பு. மண் இறுகிய காட்டில் இது இடுப்பை வாங்கும் வேலை.

ஆலை வாசலில் விலையைத் தீர்மானிப்பது 'பாயிண்ட்'. வந்த சுமையிலிருந்து எடுத்த மாதிரிக் கிழங்கை நீரில் அமிழ்த்தி எடை பார்ப்பார்கள். மாவு மிகுந்த கிழங்கு அடர்த்தி கூடியது. நீருக்குள்ளும் அதன் எடை அதிகம் நிற்கும். அந்த அளவே பாயிண்ட். 28 பாயிண்ட் கிழங்குக்குப் பாயிண்டுக்கு 300 ரூபாய் விலை என்றால் ஒரு டன்னுக்கு 8,400 ரூபாய். அதே தோட்டத்துக் கிழங்கு மழைக்குப் பின் பிடுங்கப்பட்டு 24 பாயிண்டாக இறங்கினால் 7,200 ரூபாய். பத்து மாத உழைப்பின் மதிப்பு தராசின் முன் சில நிமிடங்களில் முடிவாகிறது. தராசு ஆலைக்காரரின் கையில் இருப்பதால் உழவருக்கும் ஆலைக்கும் இடையிலான பூசல்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் எழுகின்றன.

தராசைத் தாண்டிய கிழங்கு சீவும் கொட்டகைக்குப் போகிறது. அது நெடுங்காலம் பெண்களின் இடமாகவே இருந்தது. குவியலைச் சுற்றித் தரையில் அமர்ந்து, சிறு கத்தியால் கிழங்கின் நீளவாக்கில் ஒரு கீறல். அந்தக் கீறலில் கத்திமுனையை நுழைத்து நெம்பினால் பழுப்பு மேல்தோலும் அதற்கடியில் இருக்கும் தடித்த உள்தோலும் சேர்ந்து சுருளாகக் கழன்றுவரும். உள்தோல் சிறிது நின்றாலும் மாவின் வெண்மை குறையும். வெண்மை குறைந்தால் விலை குறையும். ஆகவே ஆலையின் தரம் தொடங்குவது இந்தக் கத்தியில். கூலி சீவிய எடைக்கு. கைவேகம் உள்ளவருக்கு ஒரு கூலி, கைக்குழந்தையை மடியில் வைத்திருப்பவருக்கு வேறு கூலி. கிழங்கின் பாலும் ஈரமும் படிந்து விரல் இடுக்குகள் புண்ணாகும். தோலில் லினமரின் என்ற சயனைடு தரும் சேர்மம் செறிந்திருப்பதால் குவித்து வைத்த ஈரத்தோலை அப்படியே ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடக்கூடாது என்பதை இந்தப் பெண்கள் பட்டறிவால் அறிவார்கள்.

கழுவிய கிழங்கை அரவைப் பொறி துருவுகிறது. ஆதியில் ஆணியால் துளையிட்ட தகட்டை உருளையில் சுற்றிச் செய்த துருவிதான் இது. அதன் அளவும் வேகமும் பெரிதானதே பிற்கால மாற்றம். துருவலை நீர் விட்டு அலசிச் சலிக்கும்போது மாவு கரைந்த பால் ஒருபுறமும் நார்ச்சக்கை மறுபுறமும் பிரியும். அந்தச் சக்கைக்குத் 'திப்பி' என்று பெயர். உலர்ந்த திப்பி கால்நடைத் தீவனத்துக்கு விலைபோகிறது. பால் தொட்டிகளில் பல மணி நேரம் அசையாமல் நின்று மாவு அடியில் படிகிறது. மேல்நீரை வடித்து, மேற்படிவான மஞ்சள் பூத்த ஏட்டை வழித்தெடுத்துவிட்டு, இறுகிய வெள்ளைக் கட்டியை மண்வெட்டியால் வெட்டி எடுப்பார்கள். மறுநாள் வெயிலுக்குச் சரக்கு தயாராக வேண்டுமென்றால் மாவு இரவில் படிந்தாக வேண்டும். ஆகவே தொட்டியருகே இருப்பவர்களுக்கு உறக்கம் துண்டு துண்டாகத்தான் வாய்க்கும்.

ஈரமாவு மணியாகும் கட்டம்தான் இத்தொழிலின் நுட்பம். உதிர்த்த ஈரமாவைத் துணியில் கொட்டி, இரு முனைகளையும் பிடித்து முன்னும் பின்னும் தூளியைப் போல ஆட்டினால் துகள்கள் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி உருண்டையாகும். ஈரம் கூடினால் கட்டிபிடிக்கும். குறைந்தால் உருளாமல் தூளாகவே நிற்கும். மாவை ஒரு பிடி அள்ளிப் பிசைந்து பார்த்தே ஈரத்தை மதிப்பிட்டனர். பின்னால் மின்மோட்டாரில் இயங்கும் குலுக்கு வந்தது. அதிலும் சாக்குத்துணியே கட்டப்பட்டது, அசைவும் அதே முன்பின் அசைவு. பதம் பார்க்கும் வேலை மட்டும் மனிதக் கைக்கே நின்றது. உருண்ட மணிகளைச் சல்லடையில் பிரித்து, அளவுக்கு மீறிப் பெரியவற்றையும் சிறியவற்றையும் மீண்டும் மாவாக உதிர்ப்பார்கள்.

அடுத்தது அடுப்பு. எண்ணெய் தடவிய அகன்ற இரும்புத் தட்டுகளில் மணிகளைக் கொட்டி இடைவிடாமல் கிளற வேண்டும். மரவள்ளி மாவு 65 முதல் 70 டிகிரி வெப்பத்தில் கூழ்த்தன்மை அடையும். மணியின் மேற்புறம் மட்டும் அப்படி வெந்து ஓடாக இறுகி, உள்ளே மாவு மாவாகவே இருக்க வேண்டும். ஒரு நிமிடம் தாமதித்தால் மணிகள் ஒட்டிப் பாளமாகிவிடும். வறுப்பவர் கண்ணால் நிறத்தையும், துடுப்பில் தட்டும் கனத்தையும் வைத்துத் தட்டை இறக்குகிறார். அனலும் நீராவியும் மாவுத் தூசியும் ஒன்றாகத் தாக்கும் அந்த இடத்தில் பெரும்பாலும் ஆண்களே நின்றனர், கூலியும் கூடுதல். 1976-இன் சம ஊதியச் சட்டம் ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றது. ஆனால் சீவுவது பெண்ணின் வேலை, வறுப்பது ஆணின் வேலை என்று வேலையையே பிரித்து வைத்த இடத்தில் அந்தச் சட்டத்துக்குப் பிடிமானம் கிடைக்கவில்லை. சீவுபவரின் திறனும் வறுப்பவரின் திறனும் ஒன்றுக்கொன்று குறைந்தவை என்று சொல்ல முடியாது. வறுக்காமல் நீராவியில் வேகவைத்து உலர்த்தினால் கண்ணாடி போன்ற 'நைலான் ஜவ்வரிசி' கிடைக்கும். வடாத்துக்கும் பாயசத்துக்கும் தமிழ்நாட்டில் அதுவே அதிகம் போகிறது.

களம் ஆலையூரின் முற்றம். வறுத்த மணிகள் ஈரத்தோடு களத்தில் கொட்டப்பட்டு, பலகையால் மெல்லிய படலமாகப் பரத்தப்படுகின்றன. வெயிலேற ஏறச் சீரான இடைவெளியில் காலாலும் துழாவியாலும் கிளறி விடுவார்கள். ஈரம் 12 விழுக்காட்டு அளவுக்கு இறங்கும் வரை இது நடக்கும். வெள்ளைப் பரப்பிலிருந்து எதிரொளிக்கும் வெயில் கண்ணைக் கூசச் செய்வதால் தலைத்துண்டை நெற்றிக்குக் கீழே இழுத்துக் கட்டிக்கொள்வது களத்து வழக்கம். வடகிழக்குப் பருவமழைக் காலமும் கிழங்கு வரத்துக் காலமும் ஒன்றோடொன்று மோதுகின்றன. மேகம் கருத்தால் வறுப்பவர், சீவுபவர், கணக்கர் என்ற பேதமின்றி எல்லோரும் களத்துக்கு ஓடி மணிகளை வாரி எடுப்பார்கள். நனைந்த சரக்கு புளித்து மங்கும். அன்றைய நட்டம் முதலாளிக்கு, அடுத்த நாள்களின் வேலையிழப்பு தொழிலாளிக்கு. உலர்ந்த மணிகளை மெருகேற்றி, கட்டி உடைத்து, 90 கிலோ மூட்டையாகக் கட்டுவது கடைசி வேலை. அந்த மூட்டையை முதுகில் ஏற்றி லாரியில் அடுக்குபவர்கள் தனிக் கூட்டம், கூலி மூட்டைக்கு இவ்வளவு என்று.

இத்தனை பேர் எங்கிருந்து வந்தார்கள்? முதல் தலைமுறையில் பெரும்பாலோர் அதே ஊரின் நிலமற்ற குடும்பத்தினர். ஆலைகள் பெருகியபோது கொல்லிமலை, கல்வராயன் மலைச் சிற்றூர்களிலிருந்து குடும்பங்கள் பருவத்துக்கு இறங்கி வந்தன. வரும்போதே முன்பணம் வாங்குவது வழக்கமானது. திருமணம், மருத்துவம், வீட்டுக் கூரை ஆகியவற்றுக்கு வாங்கிய அந்தத் தொகை கூலியில் கழிக்கப்படும். கழிந்து முடிவதற்குள் பருவம் முடிந்தால் அடுத்த ஆண்டும் அதே ஆலைக்கு வர வேண்டும். ஆலைக்குள்ளேயே குடியிருப்பு என்பதால் வேலைநேரத்துக்கும் ஓய்வுக்கும் நடுவே தெளிவான கோடு இருக்காது. அரவை நடக்கும் இரவில் கூப்பிட்ட குரலுக்கு எழுந்து வர வேண்டும். பிற்காலத்தில் மலைக் குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளிக்கும் வெளி வேலைக்கும் போகத் தொடங்க, வறுப்பிலும் களத்திலும் வட மாநிலத் தொழிலாளர் இடம்பிடித்தனர். சித்திரை முதல் ஆடி வரை அரவை குறைந்த மாதங்களில் உள்ளூர்க்காரர்கள் செங்கல் சூளைக்கும், நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் வேலைக்கும், விசைத்தறிக்கும் போய்வருவார்கள்.

விற்பனையில் ஆலைக்காரரும் நெடுங்காலம் பலமற்றவராகவே இருந்தார். ஜவ்வரிசியை மிகுதியாக உண்பது மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம், வங்காளம். நவராத்திரி, ஏகாதசி, சிவராத்திரி விரதங்களில் தானியம் தவிர்ப்பவர்களுக்கு அங்கே ஜவ்வரிசிக் கிச்சடியே உணவு. அந்தத் தொலைதூரச் சந்தைக்கும் சேலத்துக்கும் நடுவே இருந்த இடைத்தரகர்களிடம் சரக்கைக் கடனுக்குக் கொடுத்துப் பணத்துக்குக் காத்திருந்த ஆலைகள் பல. இதற்கு மாற்றாக 1981-இல் பதிவு செய்யப்பட்டு அடுத்த ஆண்டு செயல்படத் தொடங்கியதே சேலம் ஸ்டார்ச், சேகோ உற்பத்தியாளர் சேவைத் தொழிற் கூட்டுறவுச் சங்கம், மக்கள் வழக்கில் 'சேகோசர்வ்'. முந்நூறுக்கும் மேற்பட்ட ஆலைகள் அதில் உறுப்பினர். மூட்டைகள் சங்கக் கிடங்கில் இறங்கும். மாதிரியைப் பார்த்து வணிகர்கள் மறைமுக ஒப்பந்தப் புள்ளியில் விலை குறிப்பார்கள். சரக்கின் மீது உறுப்பினருக்கு முன்பணமும் கிடைக்கும். ஆலைக்குப் பணம் காலத்தில் வந்தால் உழவருக்கும் கூலிக்காரருக்கும் காலத்தில் போகும் என்பதால், சங்கத்தின் பயன் உறுப்பினரோடு நின்றுவிடவில்லை. மக்காச்சோள மாவைக் கலப்பதும், வெண்மைக்காக வேதிப்பொருள் சேர்ப்பதும் இத்தொழிலின் பெயரைக் கெடுத்த பழக்கங்கள். நேர்மையாக அரைத்த ஆலையும் அதைச் சார்ந்த உழவரும் அதனால் விலை இழந்தனர். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளின் சோதனைகள் தொடர்கின்றன.

ஆலை தந்த கூலியோடு ஆலை தந்த கழிவையும் ஊர் ஏற்றுக்கொண்டது. கழுவவும் அலசவும் படியவைக்கவும் செலவாகும் நீர் மிக அதிகம். அது மாவும் அமிலமும் சயனைடும் கலந்து வெளியேறி, தேங்கிய இடத்தில் புளித்து, ஊரெல்லைக்கு முன்பே மூக்கில் ஏறும் நெடியாகும். ஆத்தூர்ப் பக்கம் வசிஷ்ட நதியும், சேலம் – நாமக்கல் பக்கம் திருமணிமுத்தாறும் இந்தக் கழிவைச் சுமந்தன. கிணறுகள் கெட்டதாக உழவர்கள் போராடினர். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நெருக்கடிக்குப் பிறகு பல ஆலைகள் கழிவுநீரை மூடிய குளத்தில் தேக்கி எரிவாயு எடுத்து அடுப்புக்கும் மின்சாரத்துக்கும் பயன்படுத்தின. விறகுச் செலவு குறைந்ததால் அந்த ஏற்பாடு நிலைத்தது.

2020-இல் கேரளத்தில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி விரைவில் சேலம், நாமக்கல் காடுகளையும் தாக்கியது. குருத்து சுருண்டு பயிர் குட்டையானது. தென்னமெரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட அந்தப் பூச்சியை அதன் இயற்கை எதிரியாலேயே அடக்க, அனகைரஸ் லோபெசி என்னும் சிறு குளவி மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைக்கப்பட்டு, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது. பூச்சி தாக்கிய பருவங்களில் கிழங்கு வரத்துக் குறைந்து, அரவை நாள்கள் சுருங்கி, கூலி நாள்களும் சுருங்கின. இதற்கிடையே 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

கைச்சீவலின் இடத்தைத் தோல் நீக்கும் உருளைகள் எடுத்து வருகின்றன. கையால் கிளறும் தட்டுகளுக்குப் பதில் நகரும் வறுப்பான்களும், களத்துக்குப் பதில் சூடான காற்றில் உலர்த்தும் கருவிகளும் முதலிட வசதியுள்ள ஆலைகளில் வந்துவிட்டன. சீவும் கொட்டகை மூடப்பட்ட ஊர்களில் அந்தப் பெண்கள் உருளைக்குள் போகும் கிழங்கைத் தெரிந்தெடுப்பதற்கும், களம் கூட்டுவதற்கும், மூட்டை தைப்பதற்கும் மாறினர். எடைக்கூலி நாள்கூலியானது, தேவைப்படும் ஆள்களின் எண்ணிக்கை இறங்கியது. இடம் கிடைக்காதவர்கள் 2006-இல் தொடங்கிய நூறு நாள் வேலைக்கும், கிழங்கு பிடுங்கும் கூட்டங்களுக்கும் போனார்கள். பிடுங்குவதற்கு இச்சமவெளியில் இன்றும் பெரும்பாலும் மனிதக் கையே வேண்டியிருக்கிறது.

(தொடரும்)